மூட்டுக்குப் பக்கத்தில் மெத்தென்று ஒரு கட்டி: கேன்சர் சிகிச்சை முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் 26 வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, 2016இல், எனக்கே இடது மார்பில் கேன்சர் வந்தது. ஆபரேஷன், கீமோ, கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு, அப்புறம் மாத்திரை என்று எல்லாம் முடித்துவிட்டேன். வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். சிகிச்சை முடித்த பெண்கள் காசிமேட்டிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருவார்கள். உட்காருவதற்குள் கையை நீட்டி, "இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க சிஸ்டர்" என்பார்கள். மணிக்கட்டிலோ முழங்காலுக்குப் பின்னாலோ ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அதை நினைத்து எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

2019இல் எனக்கும் அப்படி ஒன்று வந்தது. பதினோரு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாள் இன்னொருத்திக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தொட்டுப் பார்த்தே இது இன்னதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்த இடத்தில் பெரும்பாலும் எது வரும், எதை உடனே காட்ட வேண்டும், எதற்குக் கொஞ்சம் பொறுக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

"மணிக்கட்டு மேல கோலிகுண்டு மாதிரி ஒண்ணு வந்திருக்கு சிஸ்டர். அழுத்துனா மெத்துனு இருக்கு. திரும்பி வந்துடுச்சா?"

பெரும்பாலும் இல்லை. மார்பக கேன்சர் திரும்பினால் பக்கத்திலேயே வரும் இடங்கள் பழைய தழும்பு, அக்குள், காறை எலும்புக்கு மேலே உள்ள குழி. தூரமாகப் போனால் எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை. எலும்பிலும் அது போவது முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி ஆகிய இடங்களுக்குத்தான். முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே போவது மிக அரிது. அப்படி எலும்புக்குப் போனாலும் பொதுவாக முதலில் தெரிவது உருண்டை இல்லை, வலிதான். வேலை செய்யாமல் படுத்திருந்தாலும் விடாத வலி, ராத்திரியில் எழுப்பிவிடும் வலி.

மணிக்கட்டின் மேல்பக்கம் மெத்தென்று வருவது அநேகமாக கேங்லியன் என்கிற நீர்க்கட்டி. ஆனாலும் கேன்சர் வந்துபோன உடம்பு என்பதால் ஒரு தடவை டாக்டர் கையில் காட்டிவிடுங்கள். இன்றைக்கே ஓட வேண்டாம். அடுத்த செக்கப் மூன்று மாதம் கழித்து என்றால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் காட்டினால் போதும்.

"கேங்லியன்னா என்ன? உள்ளே என்னதான் இருக்கு?"

மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. விரலை இழுக்கும் நரம்பு என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தசைநாணுக்கும் ஒரு உறை உண்டு. அந்த உறையிலிருந்து ஒரு சின்னப் பை வெளியே புடைத்துக்கொண்டு வருவதுதான் கேங்லியன். உள்ளே சோற்றுக் கற்றாழையைக் கீறினால் வருகிற மாதிரி கெட்டியான, நிறமில்லாத ஜெல்லி இருக்கும். பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு இது மணிக்கட்டின் மேல்பக்கம்தான் வருகிறது. உள்ளங்கைப் பக்கத்து மணிக்கட்டு, விரலின் அடி, பாதத்தின் மேல்பக்கம் ஆகிய இடங்களிலும் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 20 முதல் 40 வயதுக்குள் அதிகம் என்றாலும் 60 வயதிலும் வரும்.

வேலைக்கு ஏற்றபடி பெருக்கும், சுருங்கும். அடிபம்பு அடித்து நாலு குடம் தூக்கிய நாளில் பெரிதாகத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்தால் அமுங்கிவிடும். இப்படிக் கூடிக் குறைவது நல்ல அடையாளம். கேன்சர் கட்டி வளரும். சாயங்காலம் பெரிதாகிக் காலையில் சிறிதாவது அதன் குணம் இல்லை. கேங்லியன் கேன்சர் கிடையாது, கேன்சராக மாறுவதும் இல்லை.

"செல்போன் டார்ச் அடிச்சு பார்த்தா வெளிச்சம் ஊடுருவுது. அப்போ பயமில்லதானே?"

உள்ளே தெளிந்த நீர் இருந்தால் வெளிச்சம் ஊடுருவும். டாக்டர்களும் இருட்டறையில் இதைச் செய்து பார்ப்பார்கள். ஊடுருவினால் நீர்க்கட்டி என்பதற்கு ஒரு ஆதாரம் கிடைத்தது. ஊடுருவாவிட்டால் கேன்சர் என்று அர்த்தமில்லை. கட்டி ஆழத்தில் இருந்தாலோ தோல் தடித்திருந்தாலோ தெரியாது. வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பத்து நிமிடத்தில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

"முட்டிக்குப் பின்னாடி பந்து மாதிரி இருக்கு. காலை நீட்டினா தெரியுது, மடக்கினா காணோம்."

இது பெரும்பாலும் பேக்கர் சிஸ்ட் என்கிற நீர்க்கட்டி. முழங்கால் தேய்மானத்தாலோ உள்ளே சவ்வு கிழிந்ததாலோ மூட்டுக்குள் நீர் அதிகமாகச் சுரக்கிறது. அது பின்பக்கமாகப் பிதுங்கி வருகிறது. ஐம்பது வயது தாண்டியவர்களிடம் நிறையப் பார்க்கலாம். மூட்டு வலிக்கு மருத்துவம் பார்த்தால் இதுவும் அடங்கும். கையை வைத்தால் நாடி மாதிரி துடிக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். துடித்தால் அது ரத்தக் குழாய் புடைப்பாக இருக்கலாம், அதில் ஊசி போடவே கூடாது.

இதில் ஒரு ஆபத்தான குழப்பம் உண்டு. சிஸ்ட் உள்ளே உடைந்தால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலிக்கும். காலில் ரத்தம் உறைந்தாலும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். கேன்சர் வந்தவர்களுக்கு ரத்த உறைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மார்பக கேன்சருக்குத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அன்றைக்கே போய் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108க்குக் கூப்பிடுங்கள்.

"முழங்கையில தண்ணி பலூன் மாதிரி தொங்குது. வலியே இல்ல."

எலும்பு முனைக்கும் தோலுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது. அதில் உராய்வு அதிகமானால் நீர் கட்டும். மேஜையில் முழங்கையை ஊன்றி வேலை செய்கிறவர்களுக்கு முழங்கையில் வரும். மண்டியிட்டுத் தரை துடைக்கிறவர்களுக்கு முழங்கால் சிப்பி மேலே வரும். வலியில்லாமல் இருந்தால் ஊன்றுவதைக் குறைத்தாலே பல வாரங்களில் வடிந்துவிடும். யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர்களுக்கும் வரும்.

சிவந்து, தொட்டால் சுட்டு, வலித்தால் கதை வேறு. சீழ் பிடித்திருக்கலாம். இப்போது கீமோ நடந்துகொண்டிருக்கிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்: காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

"தோள்பட்டையில கொழுப்புக் கட்டின்னு சொன்னாங்க. அதை அப்படியே விடலாமா?"

கொழுப்புக் கட்டி தோலுக்கு அடியிலேயே இருக்கும், விரலால் தள்ளினால் நழுவும், வருடக்கணக்கில் மெதுவாக வளரும், வலிக்காது. தோள், பிடரி, முதுகு, கை இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். கேன்சருக்கு முன்பே இருந்து, இப்போது உடம்பைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வந்ததால் புதிதாகக் கண்ணில் படுவதும் உண்டு. இப்படிப்பட்டதை விட்டுவிடலாம். விடக்கூடாதவை எவை என்பதை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

"மெத்துனு இருந்தா சாதா கட்டி, கல்லு மாதிரி இருந்தாத்தான் கேன்சர்னு எங்க மாமியார் சொல்றாங்க. சரியா?"

இந்த ஒரு நம்பிக்கைதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது. மார்பகக் கட்டியில் கல் மாதிரி இருப்பது ஒரு எச்சரிக்கைதான். கை கால் கட்டிகளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. தசையிலும் கொழுப்பிலும் வருகிற சார்கோமா என்கிற கேன்சரில் சில வகைகள் மெத்தென்றே இருக்கும். சைனோவியல் சார்கோமா என்று ஒன்று இருக்கிறது. இளம் வயதினருக்கு, அதிகமாக முழங்காலைச் சுற்றி வரும், மெதுவாக வளரும், பல மாதம் நீர்க்கட்டி என்றே நினைக்க வைக்கும். எண்ணிக்கையில் இவை மிகவும் குறைவு. ஆனால் தவறவிட்டால் விலை பெரிது.

தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன், பத்தொன்பது வயது. முழங்காலுக்குப் பக்கத்தில் மெத்தென்று ஒரு கட்டி. ஒரு சின்ன கிளினிக்கில் ஸ்கேன் எதுவும் எடுக்காமல், மரத்துப்போகும் ஊசி போட்டு, "கொழுப்புதான்" என்று எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி அவன் அம்மா கெஞ்சியதால் அனுப்பினார்கள். சார்கோமா என்று வந்தது. சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுக்க வேண்டிய கட்டியைக் கிள்ளி எடுத்ததால், பெரிய மருத்துவமனையில் மறுபடி அகலமாக வெட்டி, தொடைச் சதையை எடுத்து ஒட்டி, கரண்டும் வைத்தார்கள். இப்போது நடக்கிறான், வேலைக்குப் போகிறான். அந்த அம்மா அன்றைக்குப் பிடிவாதம் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னமும் நினைப்பதுண்டு.

ஆகவே மெத்தா, கல்லா என்று பார்க்காதீர்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் இருக்கிறதா? வாரத்துக்கு வாரம் வளர்கிறதா? தோலோடு நழுவாமல் ஆழத்தில் தசையோடு பிடித்துக்கொண்டு இருக்கிறதா? எடுத்த இடத்திலேயே மறுபடி வந்ததா? கரண்ட் வைத்த இடத்திலோ அதன் ஓரத்திலோ வந்ததா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஸ்கேன் எடுக்காமல் கத்தி வைக்க விடாதீர்கள். கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கரண்ட் வைத்து பல வருடம் கழித்து அந்த இடத்தில் புதிதாக சார்கோமா வருவது அரிதாக நடக்கும்.

"ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம். அக்குள்ல தளதளன்னு தண்ணி கட்டின மாதிரி இருக்கு."

அக்குளில் நெறிக்கட்டிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை எடுத்த இடம் வெற்றிடமாக இருக்கும், அதில் நீர் சேரும். செரோமா என்பார்கள். நீர் வடிய வைத்த டியூபை எடுத்த பிறகு இது சகஜம். கொஞ்சமாக இருந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். தழும்பு இழுக்கிற அளவுக்கு இருந்தால் ஊசியில் எடுப்பார்கள். இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டி வந்தாலும் பயப்பட வேண்டாம். கர்ப்பப்பை, சினைப்பை கேன்சருக்கு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இதே மாதிரி தொடை இடுக்கிலோ அடிவயிற்றிலோ நிணநீர் தேங்கலாம்.

"கையைத் தூக்கினா அக்குள்லேர்ந்து முழங்கை வரைக்கும் கயிறு மாதிரி இழுக்குது. நரம்புல பரவிடுச்சா?"

பெரும்பாலும் இல்லை. நெறிக்கட்டி எடுத்த பிறகு அங்கே இருந்த நிணக்குழாய்கள் தடித்து, தோலுக்கு அடியில் வீணைத் தந்தி மாதிரி நிற்கின்றன. சிலருக்கு மணிக்கட்டு வரை போகும். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் தொடங்கி, பொதுவாகச் சில மாதங்களில் போய்விடும். வலிக்கிறது என்று கையை மடக்கியே வைத்திருந்தால்தான் தோள் பிடித்துக்கொள்ளும். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு, சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். நான் சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தினமும் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தேன்.

"உருண்டையா இல்ல. முழங்கையைச் சுத்தி மொத்தமா வீங்கியிருக்கு. வளையல் ஏற மாட்டேங்குது. கொசுக்கடியால வர்ற யானைக்கால் நோயா இது?"

யானைக்காலில் நடப்பதும் இதில் நடப்பதும் ஒன்றுதான், நிணநீர் ஓட வழியில்லாமல் தேங்குவது. காரணம்தான் வேறு. அங்கே கொசு பரப்பும் புழு வழியை அடைக்கிறது. உங்களுக்கு ஆபரேஷனும் கரண்டும் வழியைக் குறைத்துவிட்டன. சிகிச்சை முடிந்த உடனேயும் வரும், ஐந்து பத்து வருடம் கழித்தும் வரும். விரலால் அழுத்தினால் குழி விழும், மோதிரமும் ஜாக்கெட் கையும் இறுகும். ஆரம்பத்திலேயே பிடித்தால் அழுத்தக் கட்டு, கையில் மாட்டும் இறுக்கமான உறை, பயிற்சி, மெல்லிய தடவல் இவற்றால் நன்றாகக் கட்டுப்படும். நிணநீர் சிகிச்சை பழகிய பிசியோதெரபிஸ்டிடம்தான் போக வேண்டும். கண்டவர்கள் எண்ணெய் போட்டு அழுத்திப் பிசைந்தால் கெடும்.

மீன் நறுக்குகிற, வலை பின்னுகிற கைகளுக்கு ஒரு வார்த்தை. வீங்கிய கையில் சின்ன முள் குத்தினாலும் சீழ் சீக்கிரம் பிடிக்கும். உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து சூடானால் அன்றே டாக்டரிடம் போங்கள். பல வருடமாக வீங்கிய கையில், அடிபடாமலேயே நீலமாகவோ ஊதாவாகவோ கன்றிப்போன மாதிரி திட்டு வந்து மறையாமல் இருந்தால் உடனே காட்டுங்கள். மிக அரிது, ஆனால் காத்திருக்கக்கூடாத விஷயம்.

"கழுத்துப் பக்கம், காறை எலும்பு மேல நெறி கட்டியிருக்கு. சளி பிடிச்சதால இருக்குமா?"

இருக்கலாம். பல் சொத்தை, தொண்டை வலி, தலையில் புண் எதற்கும் நெறி கட்டும். அது வலிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது, டி.பி. இருமலே இல்லாமல் கழுத்தில் நெறிக்கட்டியாக மட்டும் டி.பி. வருவது நிறைய. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் மெத்தென்று, சூடே இல்லாமல் சீழ் கட்டும். ஊசியில் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். பொதுவாக ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். கேன்சர் திரும்பிவிட்டது என்று அழுதுகொண்டு வந்து, டி.பி. என்று தெரிந்து மருந்து முடித்துப் போனவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் காறை எலும்புக்கு மேலே வருகிற கட்டிக்கு, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், நான் முதல் கேள்வியில் சொன்ன ஒன்றிரண்டு வார அவகாசம் கிடையாது. இரண்டு மூன்று நாளில் காட்டுங்கள். சில பேர் கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைக்கிற போர்ட்டைத் தொட்டுப் பயந்திருக்கிறார்கள். அது காறை எலும்புக்குக் கீழே, பொத்தான் மாதிரி கெட்டியாக இருக்கும். அதை வைத்த நாள் உங்கள் நோட்டில் எழுதியிருக்கும்.

"எங்க வீட்டுக்காரருக்கு வந்தது லிம்ஃபோமா. அவருக்கும் இதே பதிலா?"

இல்லை. லிம்ஃபோமாவே நெறிக்கட்டியில் வருகிற நோய். அது திரும்பினால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, சில சமயம் முழங்கையின் உள்பக்கம் வலியில்லாத கட்டியாகத்தான் தெரியும். ரப்பர் மாதிரி இருக்கும். கூடவே ராத்திரியில் சட்டை நனைய வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் தாமதிக்கவே வேண்டாம். மணிக்கட்டின் மேலே வந்த நீர்க்கட்டிக்கு மட்டும் அவருக்கும் முதல் பதில் பொருந்தும்.

"லெட்ரோசோல் ஆரம்பிச்சதுலேர்ந்து விரல் மூட்டு, மணிக்கட்டு எல்லாம் வீக்கம். மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

நிறுத்தாதீர்கள். மார்பக கேன்சர் திரும்பாமல் இருக்கத் தரும் ஹார்மோன் மாத்திரைகளான லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் சாப்பிடுகிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மூட்டு வலி சொல்கிறார்கள். காலையில் விரல் மடங்காது, கட்டை விரல் டிக்கென்று மாட்டிக்கொள்ளும், மணிக்கட்டில் தசைநாண் உறை வீங்கி மெத்தென்று தெரியும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார், வலிக்கு மருந்து தருவார். தினமும் நடப்பதும் உண்மையாகவே உதவுகிறது. நானே நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், மாத்திரை மாற்றியதும் பாதி குறைந்தது.

போன மாதங்களில் காய்ச்சலும் மூட்டு வலியுமாகக் கிடந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். சிக்குன்குனியா போன பிறகும் மாதக்கணக்கில் மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கும்.

"ஊசி குத்தி எடுத்தா, கத்தி பட்டா, கேன்சர் பரவிடும்னு பயமா இருக்கு."

இந்தப் பயத்தால் சோதனைக்கு வராமல் இருந்தவர்கள்தான் கெட்டுப்போனார்கள். முறையாகச் செய்யும் ஊசிச் சோதனையால் நோய் பரவுவது மிக மிக அரிது. சோதிக்காமல் விட்டால் வரும் ஆபத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. மேலே சொன்ன பையன் விஷயத்தில் தவறு கத்தியுடையது இல்லை, திட்டமில்லாமல் வெட்டியதுதான். சார்கோமா சந்தேகம் இருந்தால் முதலில் எம்.ஆர்.ஐ., அப்புறம் பெரிய ஆபரேஷன் செய்யப்போகிற அதே மருத்துவமனையில் தடித்த ஊசியால் சதைச் சோதனை. இந்த வரிசை மாறக் கூடாது.

"முழு உடம்பு பெட் ஸ்கேன் எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமே? காசு போனா போகுது."

மணிக்கட்டில் வந்த கோலிகுண்டுக்கு பெட் ஸ்கேன் வேண்டாம். தேய்ந்த மூட்டு, புண், டி.பி., போன வாரத்துச் சளி எல்லாமே பெட் ஸ்கேனில் ஒளிரும். அதைப் பார்த்துப் புதிதாகப் பயந்து, இன்னும் இரண்டு சோதனை எடுப்பீர்கள். ரத்தத்தில் கேன்சர் மார்க்கர் பார்ப்பதும் இப்படித்தான். டாக்டர் தொட்டுப் பார்ப்பது, தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட், எலும்பு வலி இருந்தால் எக்ஸ்ரே, ஆழமான கட்டிக்கு எம்.ஆர்.ஐ. இதுதான் வரிசை. நகையை அடகு வைத்துப் பெட் ஸ்கேன் எடுத்து, கடைசியில் கேங்லியன் என்று கேட்டுத் திரும்பிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

"எருக்கம்பால் வச்சா கரையும்ங்கிறாங்க. சுளுக்கு எடுக்கிறவர் ஒரே தட்டு தட்டினா போயிடும்ங்கிறாங்க."

எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். சுண்ணாம்பும் அப்படித்தான். கரண்ட் வைத்த தோலில் இவற்றை வைத்தால் அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். மஞ்சள் பற்று கட்டியைக் கரைக்காது.

தட்டி உடைப்பது பழைய வழக்கம். கனத்த புத்தகத்தால் அடித்தே உடைப்பார்கள். உடையும், ஆனால் பையின் உறை உள்ளேயே இருப்பதால் மறுபடி நிறையும். மேலே சொன்ன லெட்ரோசோல் வகை மாத்திரைகள் எலும்பைப் பலவீனமாக்கும். அப்படி இருக்கிற மணிக்கட்டில் அடித்தால் எலும்பு முறியலாம். விரல் நுனி மூட்டில் நகத்துக்குப் பக்கத்தில் வருகிற சின்ன நீர்க்கொப்புளத்தையும் ஊக்கால் குத்தாதீர்கள். அதன் வேர் மூட்டுக்குள் இருக்கிறது, சீழ் உள்ளே போய்விடும்.

"கேங்லியன்னு சொல்லிட்டாங்க. எடுக்கணுமா, விடணுமா? எனக்கு அது ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையிலயே இருக்கு."

வலிக்கவில்லை, வேலைக்குத் தொந்தரவு இல்லை என்றால் விட்டுவிடலாம். சுமார் பாதி, வருடங்கள் போகப்போகத் தானே மறைந்துவிடும். ஊசியில் நீரை எடுத்தால் உடனே அமுங்கும், ஆனால் பாதிப் பேருக்காவது திரும்பி வரும். ஆபரேஷனில் வேரோடு எடுத்தால் திரும்புவது குறைவு. இருந்தாலும் கொஞ்சம் பேருக்கு வரும்.

அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை என்றால், ஊசி போடும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். வேறு காரணத்துக்கான ஊசியும் பி.பி.யும் அடுத்த கையில் செய்யச் சொல்லலாம். கட்டியே அந்தக் கையில் இருக்கும்போது வேறு வழியில்லை. சுத்தமாகச் செய்தால் செய்யலாம். கை ஏற்கனவே வீங்கி இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

"வடசென்னையிலேர்ந்து எங்க போறது? எந்த டாக்டர்?"

முதலில் கேன்சருக்குப் பார்த்த இடத்துக்கே. உங்கள் பழைய ரிப்போர்ட் அங்கே இருக்கிறது, ராயப்பேட்டையோ அடையாறோ சென்ட்ரல் எதிரில் இருக்கிற ஜி.எச்.சோ. தூரம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் பக்கத்தில் அறுவை சிகிச்சை ஓ.பி.யில் காட்டுங்கள். நமக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறை உண்டு. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த துறை அது, மெஷினில் கை மாட்டிய எத்தனையோ தொழிலாளிகளுக்குக் கையைத் திருப்பிக் கொடுத்தது. மணிக்கட்டு, விரல் கட்டிகளுக்கு நாம் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். போன உடனே முதல் வாக்கியமாக "எனக்கு இந்த வருஷம் இந்த கேன்சருக்கு சிகிச்சை நடந்தது" என்று சொல்லுங்கள். மறைத்துவிட்டுக் கட்டியை மட்டும் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். டாக்டருக்குத் தெரியாவிட்டால் அவர் அதற்கேற்ற மாதிரி பார்க்க மாட்டார்.

"போன வருஷம் ஸ்கேன் எடுத்து கேங்லியன்னு சொன்னாங்க. இப்போ அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. மறுபடியும் காட்டணுமா, இல்ல அதேதான்னு விட்டுடலாமா?"

மறுபடியும் காட்டுங்கள். போன வருட ஸ்கேன் போன வருடக் கட்டிக்கு மட்டும்தான். பெரும்பாலும் அதே பை இன்னொரு பக்கம் புடைத்திருக்கும், அதையும் டாக்டர் பார்த்தே சொல்லட்டும். பழையது அப்படியே இருந்தால் மாதா மாதம் ஸ்கேன் வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வளர்ந்ததா இல்லையா என்று ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். அழுத்த அழுத்த அந்த இடம் வலிக்க ஆரம்பிக்கும், அந்த வலியே அடுத்த பயமாகிவிடும்.

என் வலது மணிக்கட்டில் 2019இல் வந்தது இன்னும் இருக்கிறது. இட்லிக்கு மாவு ஆட்டி, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவிய மறுநாள் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். போன மாதம் படம் எடுத்தேன், நாணயத்தைவிடச் சின்னதாகத்தான் இருக்கிறது.